தோற்ற அணியின் கோல்கீப்பர்: 2014 உலகக் கோப்பையும் டிம் ஹோவர்டின் இணையப் புகழும்

2014 உலகக் கோப்பையில் அமெரிக்கா ஆடியது 4 ஆட்டங்கள். கானாவை 2-1 என்று வென்றது. போர்ச்சுகலுடன் 2-2 என்று முடித்தது. ஜெர்மனியிடம் 0-1, பெல்ஜியத்திடம் 1-2 என்று தோற்று ஊர் திரும்பியது. கோல்கீப்பர் டிம் ஹோவர்ட் விட்ட கோல்கள் மொத்தம் 6. அதே தொடரில் கோஸ்டாரிகாவின் கெய்லர் நவாஸ் 5 ஆட்டங்களில் விட்டது 2 கோல்கள்தான். மெக்சிகோவின் கில்லர்மோ ஒச்சோவா 4 ஆட்டங்களில் 3. ஜெர்மனியின் மானுவல் நியூயர் 7 ஆட்டங்களில் 4. கோப்பையும், சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறை விருதும் அவருக்கே கிடைத்தன. வெறும் கணக்கை வைத்துப் பார்த்தால் இந்த நால்வரில் ஹோவர்ட் கடைசி. ஆனால் அந்த ஜூலை முதல் வாரத்தில் இணையத்தில் அவர் பெயர் அடிபட்ட அளவுக்கு வேறு எந்தக் கோல்கீப்பரின் பெயரும் அடிபடவில்லை.

இது ஏன் நடந்தது என்பதுதான் இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட விஷயம். ஒரு விளக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையப் புகழ் என்றதும் பலரும் ஒருவரைப் பின்தொடர்வோர் எத்தனை லட்சம் என்று எண்ணத் தொடங்குகிறார்கள். கோல்கீப்பர்களை ஒப்பிட அது உதவாத அளவுகோல். ரியல் மாட்ரிடின் கையுறையை மாட்டிக்கொண்டவருக்கு அந்தக் கிளப்பின் கூட்டமே வந்து சேர்ந்துவிடும். அது ஆளின் புகழா, சட்டையின் புகழா என்று பிரித்துச் சொல்ல முடியாது. முன்பின் தெரியாத மக்கள் ஒருவரை வைத்து என்ன செய்தார்கள் என்று பார்ப்பதே மேல். நகைச்சுவை செய்தார்களா, படம் வெட்டி ஒட்டினார்களா, மனுப் போட்டார்களா? அந்த அளவில் ஹோவர்டின் வழக்கு அபூர்வமானது.

சால்வடார், ஜூலை 1

பிரேசிலின் சால்வடார் நகரில் உள்ள ஃபோன்டே நோவா அரங்கம். பெல்ஜியத்துக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான நாக் அவுட் ஆட்டம். தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, 19 வயது திவோக் ஒரிகி வலது பக்கமாகப் புகுந்து அடித்த பந்து ஹோவர்டின் நீட்டிய காலில் பட்டு வெளியே போனது. அன்றைய ஆட்டம் முழுவதுக்கும் முன்னோட்டம் அது. ஹோவர்ட் அன்று கைகளால் தடுத்ததைப் போலவே கால்களாலும் நிறையத் தடுத்தார். பாய்ந்து பிடிக்கும் அழகான தடுப்புகளை எதிர்பார்ப்பவர்களுக்கு இது கொஞ்சம் கோணலாகத் தெரியலாம். ஆனால் மிக அருகிலிருந்து வரும் அடிக்குக் கை இறங்கி வர நேரம் இருக்காது. காலை விரித்து உடம்பை அகலப்படுத்தி, பந்து தன்மேல் படும்படி நின்றுகொள்வதுதான் வித்தை. 35 வயதில், இங்கிலாந்தின் எவர்டன் அணியில் எட்டு பருவங்களைக் கழித்தவருக்கு அது பழகிப்போன வேலை.

எதிரே இருந்தவர்களில் சிலரும் பழகியவர்களே. கெவின் மிராலஸ் எவர்டனில் அவருடைய சக வீரர். ரொமேலு லுகாகு முந்தைய பருவம் முழுக்க கடன் முறையில் அங்கே ஆடியவர். அவர்கள் எந்தக் காலால், எந்தப் பக்கம் அடிப்பார்கள் என்பதை வாரம் தவறாமல் பயிற்சியில் பார்த்தவர் ஹோவர்ட். இந்தத் தகவல் அன்றைய மீம்களில் எங்கும் வரவில்லை. நியாயம்தான், அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

90 நிமிடமும் 0-0. கடைசி நொடிகளில் அமெரிக்காவின் கிறிஸ் வொண்டோலவ்ஸ்கிக்கு, கோலுக்கு மிக அருகில், அடித்தால் போதும் என்ற நிலையில் ஒரு பந்து வந்தது. மேலே அடித்துவிட்டார். கூடுதல் நேரத்தின் 93-ஆவது நிமிடத்தில், மாற்று வீரராக வந்த லுகாகு அமெரிக்கத் தடுப்பாட்டக்காரரைத் தள்ளிக்கொண்டு ஓடிக் கொடுத்த பந்தை கெவின் டி ப்ருய்னே கோலாக்கினார். 105-இல் லுகாகுவே ஒன்று. 107-இல் 19 வயது ஜூலியன் கிரீன் அமெரிக்காவுக்காக ஒன்றைத் திருப்பினார். அத்தோடு முடிந்தது. ஹோவர்டின் தடுப்புகள் அன்றைய கணக்கில் 16 (பின்னர் ஃபிஃபா அதை 15 என்று திருத்தியது). உலகக் கோப்பைக்கு இந்த விவரங்கள் 1966 முதல் தொகுக்கப்பட்டிருக்கின்றன. அதில் ஓர் ஆட்டத்துக்கு இதுவே உச்சம் என்று அன்றிரவே செய்தி வந்துவிட்டது.

எண் வந்த அந்தக் கணம் முக்கியமானது. கோல் அடித்தவரின் வேலை கோல் பலகையில் தெரிகிறது. கோல்கீப்பரின் வேலை அங்கே தெரிவதே இல்லை. நடக்காமல் போனவற்றை யார் எண்ணுவார்கள்? 16 என்ற எண் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது. கால்பந்தே பார்க்காதவரும் ‘16 முறை தடுத்தாராம், சாதனையாம்’ என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொல்ல முடிந்தது.

அதன் பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரிந்ததே. ‘டிம் ஹோவர்ட் காப்பாற்றக்கூடியவை’ என்ற பொருளில் ஒரு ஹேஷ்டேக் ட்விட்டரில் பரவியது. தாடி வைத்த அந்த மனிதர் கைகளை விரித்துப் பாயும் படத்தை வெட்டியெடுத்து, மூழ்கும் டைட்டானிக் கப்பலுக்கும் பனிப்பாறைக்கும் நடுவில் ஒட்டினார்கள். டைனோசர்களை நோக்கி வரும் விண்கல்லுக்கு முன்னால் நிறுத்தினார்கள். விக்கிப்பீடியாவில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைச் செயலாளர் பதவிக்கான பக்கத்தில் யாரோ ஒருவர் சக் ஹேகலின் பெயரை நீக்கிவிட்டு ஹோவர்டின் பெயரைப் போட்டார். நிஜமான ஹேகல் ஹோவர்டைத் தொலைபேசியில் அழைத்துப் பாராட்டினார். வாஷிங்டனின் ரீகன் விமான நிலையத்துக்கு ஹோவர்டின் பெயரை வைக்கச் சொல்லி வெள்ளை மாளிகையின் மனுத் தளத்தில் ஒரு மனு ஏறியது. அதிபர் ஒபாமாவும் அழைத்தார். ஊருக்கு வந்தால் கூட்டம் மொய்க்கும், அடையாளம் தெரியாமலிருக்கத் தாடியை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று கிண்டலும் செய்தார். வென்ற அணியின் தலைவர் வின்சென்ட் கொம்பனி, ஹோவர்டின் பெயரை மட்டும் எழுதி மரியாதை என்று ஒரு வார்த்தை சேர்த்து ட்வீட் போட்டார்.

வென்ற பெல்ஜியத்தின் கோல்கீப்பர் யார்? திபோ கோர்ட்வா. 22 வயது, ஒன்றரை மாதத்துக்கு முன்புதான் அட்லெடிகோ மாட்ரிடுடன் ஸ்பெயின் லீக் பட்டம் வென்றவர். அதே ஆட்டத்தின் 114-ஆவது நிமிடத்தில் அமெரிக்கா தந்திரமாக ஆடிய ஒரு ஃப்ரீ கிக்கில் கிளின்ட் டெம்ப்சி தனியாகப் புகுந்து வந்தார். பாய்ந்து மறித்தார் கோர்ட்வா. அது நுழைந்திருந்தால் 2-2. ஆட்டத்தின் முடிவை மாற்றிய தடுப்பு எது என்று கேட்டால், என் பார்வையில் ஹோவர்டின் 16-இல் எதுவும் அல்ல, இந்த ஒன்றுதான். அன்றிரவு அதைப் பற்றி யாரும் படம் வெட்டி ஒட்டவில்லை.

ஒரு நாள் முன்னால், போர்ட்டோ அலெக்ரேயில்

நிகழ்வு ஆய்வு எழுதுகிறவனுக்கு ஒப்பிட இரட்டைப் பிள்ளைகள் போன்ற இரண்டு நிகழ்வுகள் கிடைப்பது அதிர்ஷ்டம். ஹோவர்டின் ஆட்டத்துக்கு அப்படி ஒன்று உண்டு, முந்தைய நாளிலேயே.

ஜூன் 30. ஜெர்மனியும் அல்ஜீரியாவும். உள்ளூர் நேரம் மாலை 5 மணி, ஹோவர்டின் ஆட்டத்தைப் போலவே. 90 நிமிடம் 0-0, அதைப் போலவே. கூடுதல் நேரத்தின் 92-ஆவது நிமிடத்தில் ஆந்த்ரே ஷுர்லேயின் கோல், கடைசியில் மெசூட் ஓசில் இரண்டாவதை அடித்தார், அதற்குப் பிறகு அல்ஜீரியாவின் அப்தெல்மூமென் ஜாபு ஒன்றைத் திருப்பினார். முடிவு 2-1. கதை ஏறக்குறைய நிமிடம் தவறாமல் ஒன்றே. அல்ஜீரியாவின் கோல்கீப்பர் ராயிஸ் எம்போல்ஹி ஜெர்மானியத் தாக்குதலை இரண்டு மணி நேரம் தனியாளாகத் தாங்கி நின்றார். தோற்ற அணியில் இருந்தும் ஆட்ட நாயகன் விருது அவருக்கே வழங்கப்பட்டது. அந்த ஜெர்மனிதான் பிறகு கோப்பையை வென்றது. பெல்ஜியம் அடுத்த சுற்றிலேயே அர்ஜென்டினாவிடம் தோற்றுப் போனது. எதிரணியின் தரத்தை வைத்துப் பார்த்தால் எம்போல்ஹி தாங்கியது கடினமான பளு.

இணையத்தில்? அல்ஜியர்ஸில் அணிக்குத் திரளான வரவேற்பு கிடைத்தது, அரபு மொழியிலும் பிரெஞ்சிலும் அவரைக் கொண்டாடினார்கள். அதற்கு வெளியே அவர் பெயர் பெரிதாகப் பரவவில்லை.

வேறுபாட்டுக்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. அல்ஜீரியாவில் 3ஜி சேவை தொடங்கியதே 2013 டிசம்பரில், அதாவது உலகக் கோப்பைக்கு ஆறு மாதம் முன்பு. அமெரிக்காவிலோ போர்ச்சுகல் ஆட்டத்தை மட்டும் ஆங்கில, ஸ்பானிய அலைவரிசைகள் இரண்டிலுமாகச் சேர்த்து 2 கோடியே 47 லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். பெல்ஜியம் ஆட்டம் நடந்தது செவ்வாய்க்கிழமை. நியூயார்க்கில் மாலை 4 மணி. அலுவலகத்தில் கணினிக்கு முன்னால், ஒரு ஜன்னலில் ஆட்டமும் மறு ஜன்னலில் ட்விட்டருமாக உட்கார்ந்திருந்த கூட்டம் அது. (இந்தியாவில் அப்போது இரவு 1.30. விழித்திருந்தவர்கள் மறுநாள் வேலைக்கு எப்படிப் போனார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.)

அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே கால்பந்து பார்ப்பவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆஃப்சைடு விதியோ நடுக்கள வியூகமோ அவர்களுக்குப் புரிய வேண்டியதில்லை. ஒருவர் பந்தைத் தடுக்கிறார். திரும்பத் திரும்பத் தடுக்கிறார். இதைப் புரிந்துகொள்ள எந்த முன்னறிவும் தேவையில்லை. வேறு எந்த இடத்து வீரரைவிடவும் கோல்கீப்பரே புதிய பார்வையாளருக்கு எளிதில் பிடிபடுகிறார். அமெரிக்க அணியின் தடுப்பாட்டத்தில் அன்று எவ்வளவு ஓட்டை இருந்தது என்பதைத்தான் அந்த 16 என்ற எண் உண்மையில் காட்டுகிறது. முன்னால் நிற்பவர்கள் ஒழுங்காக வேலை செய்தால் கோல்கீப்பர் இணையத்தில் புகழ்பெறுவதற்கு வழியே இல்லை.

நியூயருக்கு இதில் ஒரு தனிக் கதை உண்டு. ஜெர்மனி தன் முதல் ஆட்டத்தை ஆடியதும் இதே ஃபோன்டே நோவா அரங்கில்தான், போர்ச்சுகலுக்கு எதிராக, 4-0. கோல் விடாத கோல்கீப்பரைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. பேச்செல்லாம் தாமஸ் முல்லரின் மூன்று கோல்களும் பெப்பேயின் சிவப்பு அட்டையும்தான். அல்ஜீரியாவுக்கு எதிராகத்தான் நியூயர் இணையத்தில் பெயர் எடுத்தார், அதுவும் தடுத்ததற்காக அல்ல. ஜெர்மனியின் பின்வரிசை அன்று மெதுவாக இருந்தது. அதற்குப் பின்னால் விழுந்த பந்துகளை நோக்கி அவர் பெனால்டி கட்டத்தை விட்டு ஓடி வந்து தலையாலும் காலாலும் அப்புறப்படுத்திக்கொண்டே இருந்தார். அவர் எங்கெல்லாம் பந்தைத் தொட்டார் என்று காட்டும் வரைபடம் பரவியது. கோல்கீப்பரின் புள்ளிகள் கட்டத்துக்கு வெளியே சிதறிக் கிடந்ததைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்புக்கு அடியில் வியப்பு இருந்தது. அந்த ஆண்டின் உலகச் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து (பலோன் தோர்) வாக்கெடுப்பில் கிறிஸ்டியானோ ரொனால்டோ 37.66 விழுக்காடு, மெஸ்ஸி 15.76, நியூயர் 15.72. இரண்டாம் இடம் தவறியது 0.04-இல். பயிற்றுநர்களும் அணித் தலைவர்களும் பத்திரிகையாளர்களும் போட்ட வாக்கு அது. ஹோவர்டின் ஹேஷ்டேக்கைப் பார்த்தவர்கள் வேறு, நியூயருக்கு வாக்களித்தவர்கள் வேறு.

புகழுக்குப் பிறகு சந்தை

கிளப்புகள் இந்தக் கொண்டாட்டத்தை எப்படிப் படித்தன என்பதில் ஒச்சோவாவும் நவாஸும் இரண்டு எதிர்த் துருவங்கள்.

ஒச்சோவா அந்தத் தொடருக்குள் வந்தபோது அவருக்குக் கிளப்பே இல்லை. பிரான்சின் அஜாக்ஸியோ அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியிருந்தது, ஒப்பந்தமும் முடிந்திருந்தது. ஜூன் 17-ஆம் தேதி, ஃபோர்டலேசாவில், பிரேசிலின் சொந்த மண்ணில், நெய்மரின் தலையடி ஒன்றைக் கோட்டருகே வலப்பக்கம் பாய்ந்து தட்டிவிட்டார். கடைசி நிமிடங்களில் தியாகோ சில்வா மிக அருகிலிருந்து தலையால் அடித்ததும் அவர் கையில் பட்டுத் திரும்பியது. முடிவு 0-0. சுருள் முடியும் தலைப்பட்டையுமாக, ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாத தோற்றம் வேறு. ஓர் இரவில் உலகம் அறிந்த முகமானார். விளைவு, ஸ்பெயினின் மலாகா அணியில் இடம். அங்கே கோல்கீப்பராக ஏற்கெனவே கேமரூனின் கார்லோஸ் கமேனி இருந்தார். முதல் பருவம் முழுவதும் லீக் ஆட்டம் ஒன்றில்கூட ஒச்சோவா இறக்கப்படவில்லை. அவருக்குக் கிடைத்த புகழ் நாட்டின் சட்டையோடு ஒட்டியது. சரியாக நான்கு ஆண்டு கழித்து, அதே ஜூன் 17-இல், மாஸ்கோவில் நடப்பு சாம்பியன் ஜெர்மனியை மெக்சிகோ 1-0 என்று வீழ்த்தியபோதும் வலையைக் காத்தவர் அவர்தான். 2022-இல் போலந்தின் லெவண்டாவ்ஸ்கி அடித்த பெனால்டியைத் தடுத்தார். உலகக் கோப்பை வந்தால் மட்டும் வெளியே வரும் மனிதர் என்று இணையம் அவரை வைத்து நான்கு ஆண்டுக்கு ஒருமுறை சிரிக்கிறது. கிளப் ஆட்டங்களில் அவர் என்ன செய்தார் என்று கேட்பவர் குறைவு.

நவாஸுக்கு இணையத்தில் இவ்வளவு ஆரவாரம் இல்லை. உருகுவே, இத்தாலி, இங்கிலாந்து இருந்த பிரிவில் கோஸ்டாரிகா முதலிடம் பிடித்தது. அதில் பேசப்பட்டது ‘சின்ன நாட்டின் அதிசயம்’. அவர் தனியாள் வீரமாகப் பார்க்கப்படவில்லை. ஆனால் தொடர் முடிந்து மூன்று வாரத்தில் ரியல் மாட்ரிட் 1 கோடி யூரோ கொடுத்து லெவாண்டேயிலிருந்து அவரை வாங்கியது. அவருக்கு மீம் புகழ் வந்தது அடுத்த ஆண்டு, அவர் ஒன்றுமே செய்யாமல். 2015 ஆகஸ்ட் 31 நள்ளிரவில் மான்செஸ்டர் யுனைடெட்டின் கோல்கீப்பர் டேவிட் டி கெயாவை வாங்கி நவாஸைக் கைமாற்றும் ஒப்பந்தம், ஆவணங்கள் நேரத்துக்குள் போய்ச் சேராததால் முறிந்தது. ஃபேக்ஸ் இயந்திரத்தை வைத்து உலகமே சிரித்தது. விற்கப்படவிருந்த அந்த மனிதர் அங்கேயே இருந்து 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று சாம்பியன்ஸ் லீக் பட்டங்களை முதல் கோல்கீப்பராக வென்றார்.

கோல்கீப்பர் சரியாகவே எல்லாம் செய்தும் புகழ் வேறொருவருக்குப் போவதும் உண்டு. ஜூலை 9, சாவோ பாலோவில் அரையிறுதி, நெதர்லாந்துக்கு எதிரான பெனால்டி ஷூட் அவுட். அர்ஜென்டினாவின் செர்ஜியோ ரொமெரோ இரண்டைத் தடுத்து அணியை இறுதிக்குக் கொண்டுபோனார். ஷூட் அவுட்டுக்கு முன் சக வீரர் ஹேவியர் மஷெரானோ அவரிடம் சென்று, இன்று நீ நாயகனாகப் போகிறாய் என்று சொன்னது கேமராவில் பதிந்திருந்தது. அடுத்த சில நாட்கள் அர்ஜென்டின இணையம் முழுக்க மஷெரானோதான். உலகின் எல்லாச் சிக்கலையும் அவர் ஒரு பேச்சில் தீர்த்துவைப்பதாக நகைச்சுவைகள் குவிந்தன. பந்தைத் தடுத்தவர் ஓரமாக நின்றார். ரொமெரோ அந்தப் பருவத்தில் மொனாக்கோவில் மாற்றுக் கோல்கீப்பர்; பேசத் தெரிந்தவரோ பார்சலோனாக்காரர்.

நெதர்லாந்தின் டிம் க்ரூலையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஜூலை 5, மறுபடியும் ஃபோன்டே நோவா. ஷூட் அவுட்டுக்காக மட்டுமே கடைசி நிமிடத்தில் இறக்கப்பட்டு, கோஸ்டாரிகாவின் இரண்டு அடிகளைத் தடுத்தார், ஒரு நாள் முழுக்க உலகம் அவரைப் பற்றிப் பேசியது, அந்தத் தொடரில் அவர் மறுபடி களமிறங்கவில்லை.

அதே அரங்கில்தான் ஜூன் 13-இல் நெதர்லாந்துக்கு எதிராக ஈக்கர் கசியாஸ் ஐந்து கோல் விட்டார். 2010-இல் கோப்பையைத் தூக்கிய ஸ்பெயினின் தலைவர் அவர். பெலோ ஹொரிசோன்டேயில் ஜெர்மனி பிரேசிலுக்கு ஏழு கோல் போட்ட இரவில் பதிவான ட்வீட்கள் 3 கோடியே 56 லட்சம். அதுவரை எந்த விளையாட்டு நிகழ்வுக்கும் அவ்வளவு இல்லை. வலையில் நின்றவர் ஜூலியோ சீசர். பத்து நாள் முன்புதான் சிலிக்கு எதிரான ஷூட் அவுட்டில் பிரேசிலைக் காப்பாற்றியிருந்தார். அது அன்று யாருடைய நினைவுக்கும் வரவில்லை.

ஹோவர்டுக்கும் அந்த முறை வந்தது. 2017 அக்டோபர் 10, டிரினிடாடின் கூவா நகரம். 2018 உலகக் கோப்பைக்குத் தகுதிபெற அமெரிக்காவுக்கு ஒரு சமநிலை போதுமாயிருந்தது. எதிரணி அட்டவணையின் அடியில் கிடந்த, ஏற்கெனவே வெளியேறிவிட்ட டிரினிடாட் டொபாகோ. 17-ஆவது நிமிடத்தில் ஓமார் கொன்சாலெஸின் காலில் பட்டுச் சுய கோல். 37-இல் ஆல்வின் ஜோன்ஸ் வெகு தொலைவிலிருந்து அடித்த பந்து ஹோவர்டைத் தாண்டி மூலையில் விழுந்தது. 1-2. 1986-க்குப் பிறகு முதல் முறையாக அமெரிக்கா உலகக் கோப்பைக்குப் போகவில்லை. அன்று ஹோவர்டை யாரும் முற்றுகையிடவில்லை. வந்த பந்துகளே சில. அவற்றில் இரண்டு உள்ளே போய்விட்டன. சால்வடாரில் விட்டதும் இரண்டுதான்.